கேஸ் டிரபிள்

தேவேந்திரனுக்கு வந்திருப்பது கேஸ் டிரபிள் என்றுதான் விக்கிரமசிங்கபுரத்தில் அவர்கள் தெருவுக்கே தெரியும். அப்படிச் சொல்லி வைத்தவள் அவர் மனைவி கலைச்செல்வி.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவர் அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தார். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்துப்போய், மூச்சு முட்டி, உடம்பெல்லாம் வேர்த்தது. செத்துவிடுவோம் என்றே நினைத்தார். டிரைவர் நல்ல மனுஷர், வண்டியை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பிற்பாடு திருநெல்வேலிக்கு அனுப்பி ஸ்கேனும் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. ஆனால் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தது. சலூனில் முகத்துக்குச் சோப்பு போட்டிருந்தபோது வந்தது. மில்லில் நூல்கட்டுகளை அடுக்கும்போது வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிம்மதியாகக் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் வந்தது.

"இதயம் நல்லாருக்கு. இது பயத்துல வருது. மனநல டாக்டர் ஒருத்தரைப் பாத்துருங்க," என்றார் டாக்டர்.

கலைச்செல்வி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் காத்திருந்த கொழுந்தனிடம், "கேஸுதானாம்," என்றாள். சொன்னது சொன்னதுதான். அதன்பிறகு யார் கேட்டாலும் அதே பதில். உருளைக்கிழங்கு சேர்க்காதே, கொத்தமல்லியை வேகவைத்துக் கொடு என்று தெருவே வைத்தியம் சொல்லியது.

தேவேந்திரன் அன்றிலிருந்து பஸ் ஏறவில்லை. மில்லுக்குச் சைக்கிளில் போவார், அதுவும் பையத்தான் மிதிப்பார். மாடிப்படி ஏறமாட்டார். நெஞ்சு வேகமாக அடித்தால் அப்படியே நின்றுவிடுமோ என்று பயம். அதிகம் பேசுகிறவர் இல்லை என்றாலும், முன்பெல்லாம் சாப்பிடும்போது மில்லில் நடந்ததைச் சொல்லுவார். இப்போது அதுவும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் பொன்செல்விக்கு வரன் கூடிவந்தது. அவள் அம்பாசமுத்திரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பெருமாள்ராஜ், கல்லிடைக்குறிச்சியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். தகப்பன் இல்லாத வீடு. அம்மா இசக்கித்தாய் தனியாக நின்று பிள்ளையை ஆளாக்கியவள். வந்து பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்த வார வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு.

அந்த வாரம் கலைச்செல்விக்குப் பிரஷர் மாத்திரை வாங்க ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிரிஸில்லா என்ற நர்சு அவர்களைப் பிடித்து நிறுத்தினாள். தேவேந்திரனுக்கு முதன்முதலில் ஈசிஜி எடுத்தவள் அவள்தான்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை பாளையங்கோட்டையில மனநலத் திருவிழா நடக்கு. ஸ்கூல் கிரவுண்டுல. ஆட்டம், பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு, டாக்டர்மாரும் வாராவ. காசு கிடையாது. யாரு வேணும்னாலும் வரலாம். நானும் அங்கனதான் இருப்பேன்."

"பாப்போம்மா," என்றாள் கலைச்செல்வி. வாசலைத் தாண்டும்போதே அதை மறந்துவிட முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள், அதற்கு முந்தின சனிக்கிழமை மனநலத் திருவிழாவா?

ஆனால் தேவேந்திரன் மறக்கவில்லை. மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், "போவமா?" என்றார்.

"எங்க?"

"அந்த நர்சம்மா சொன்னதுக்கு."

"பஸ்ஸுலல்லா போணும்."

"தெரியும்."

கலைச்செல்வி ரசத்தை ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள். இத்தனை மாதத்தில் அவராக ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. பாளையங்கோட்டை தூரம்தானே, அங்கே நம்மை யாருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "சரி, போவோம்," என்றாள்.

சனிக்கிழமை காலையில் தேவேந்திரன் ஜன்னலோரமாக, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கலைச்செல்வி அவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் அம்பாசமுத்திரம் தாண்டும்வரை அவர் முன்கம்பியைப் பிடித்தபடியே வந்தார், ஆனால் சரியாகத்தான் இருந்தார். கல்லிடைக்குறிச்சி நெருங்கியதும் கலைச்செல்வி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குனிந்தாள். பஸ் நின்றது. கூட்டம் ஏறியது. ஒரு தூக்குவாளி அவள் முழங்காலில் இடித்தது.

"மதினி, நீங்களா?"

நிமிர்ந்தால் இசக்கித்தாய். பக்கத்தில் இடம் இருந்ததால் உட்கார்ந்தும் விட்டாள்.

"எங்க கிளம்பிட்டிய?"

"டவுனுக்குத்தான் மதினி. பொன்செல்விக்கு ஒரு பட்டுச்சேலை பாக்கலாம்னு," என்றாள் கலைச்செல்வி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இசக்கித்தாயின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. நான் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். தங்கச்சி மக பிள்ள பெத்திருக்கா, சோறு கொண்டு போறேன். குடுத்துட்டு நேரா கடைக்கு வந்துருதேன். எந்தக் கடை?"

"இன்னும் முடிவு பண்ணல."

"பைய முடிவு பண்ணுங்க. நான் போன் போடுதேன். அரக்கு நல்லாருக்கும், என்ன சொல்லுதிய? பொண்ணு நிறத்துக்கு எடுப்பா இருக்கும். பச்சை மட்டும் வேண்டாம். எங்க வீட்டுக்காரர் காரியத்தன்னைக்கு நான் பச்சை கட்டியிருந்தேன்."

வீரவநல்லூர் வரைக்கும் சேலைப் பேச்சுதான். இசக்கித்தாய் மனசார ஒவ்வொரு நிறமாக எடுத்து வைத்துப் பார்த்தாள். கலைச்செல்வி எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினாள். முன்சீட்டில் தேவேந்திரன் திரும்பவே இல்லை.

சேரன்மகாதேவி பக்கத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்தார். காற்று நின்றது. சீட்டுகளுக்கு நடுவே முழுக்க ஆள் நின்றதில் பஸ்ஸுக்குள் புழுக்கம் ஏறியது. கலைச்செல்வி கணவரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை காதோரமாக இறங்கியது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அவர் சட்டென்று எழுந்தார்.

"இறங்கணும்."

வாசல்வரை அடைசலாக இருந்தது. இறங்க வழியில்லை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன செய்யுது அண்ணே?" என்று இசக்கித்தாய் எழுந்தாள்.

"கேஸு மதினி," என்றாள் கலைச்செல்வி. "காலையில பூரி தின்னாவ. அதான்."

தேவேந்திரன் காலையில் தின்றது இட்லி. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் பேசினார்.

"கேஸ் இல்ல தங்கச்சி. பயம். ஐப்பசியில இருந்து இப்படித்தான் வருது. டாக்டர் மனசுக்குப் பாக்கச் சொல்லிட்டாரு." மூச்சு வாங்கியது. "நாங்க சேலை எடுக்கப் போகல. பாளையங்கோட்டையில மனநலத் திருவிழான்னு நடக்கு. அதுக்குத்தான் போறோம்."

இசக்கித்தாய் கலைச்செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து, தேவேந்திரனின் தோளில் கிடந்த துண்டை நனைத்து அவர் பிடரியில் போட்டாள். "நிக்கவங்க கொஞ்சம் காத்து விடுங்க," என்று சத்தம் கொடுத்தாள். ரயில் போயிற்று, கேட் திறந்தது, பஸ் நகர்ந்ததும் காற்று வந்தது. அவருக்கு மெல்ல மெல்லத் தெளிந்தது. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இசக்கித்தாய், "வாரேன்," என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் கலைச்செல்வி அடக்கிவைத்திருந்ததைக் கொட்டினாள்.

"எம் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீய. ஒரு வாரம் பல்லக் கடிச்சிட்டு இருக்கக் கூடாதா?"

"அந்த நேரத்துல நான் மூச்சு விடுததா, பொய் சொல்லுததா? ரெண்டும் சேந்து முடியல கலை."

திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நடந்தது நடந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றார் அவர். ஆட்டோ பிடித்தார்கள்.

மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, உண்மையிலேயே திருவிழா மாதிரிதான் இருந்தது. கலைச்செல்வி மனதில் வைத்திருந்த படம் வேறு. வெறித்த கண்களோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். இங்கே கல்லூரிப் பெண்கள் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிலம்பம் நடந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்த பெண்கள் கருப்புப் புர்காவோடு வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சாயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிஸில்லா சீருடை இல்லாமல், மஞ்சள் சுடிதாரில் ஓடி வந்தாள்.

"பஸ்ஸுலயா வந்தீய அண்ணாச்சி? பெரிய விஷயம்லா," என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய் நடுப்பந்தலில் உட்காரவைத்தாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். நரைத்த முடி, தடித்த கண்ணாடி, சாதாரணப் பருத்திச் சேலை. "இங்க யாருக்காவது காரணமே இல்லாம நெஞ்சு படபடன்னு அடிச்சு, செத்துருவோம்னு தோணியிருக்கா? இருந்தா கை தூக்குங்க," என்றார்.

யாரும் அசையவில்லை. பிறகு பந்தல் ஓரத்தில், பாதுகாப்புக்கு நின்றிருந்த போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். நல்ல உயரம், பெரிய மீசை. அவர் தூக்கியதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்காத ஒரு பெண், மூன்று மாணவர்கள், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். தேவேந்திரன் கையைத் தூக்கியது கலைச்செல்விக்குத் தெரியாது. அவள் அந்தப் போலீஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா தப்பு மேளம் அடிக்கிறவர்களைக் கூப்பிட்டார். "இதயம் நல்லாருக்குன்னு டாக்டர் சொன்னவங்க மட்டும் வாங்க. மத்தவங்க உக்காந்து பாருங்க. இவங்க அடிக்கிற அடிக்குத் தக்கன இந்த மைதானத்தைச் சுத்தி வரணும். அவ்வளவுதான்."

தேவேந்திரன் எழுந்தார். கலைச்செல்வி அவர் சட்டையைப் பிடித்தாள். "நீங்க எங்க போறிய?"

"எனக்கு நல்லாருக்குன்னுதான சொன்னாவ," என்று கையை விடுவித்துக்கொண்டு போனார்.

தப்பு முதலில் மெதுவாக அடித்தது. கூட்டம் நடந்தது. அடி கூடியது, நடையும் கூடியது. அப்புறம் அடி பறந்தது, எல்லாரும் ஓடினார்கள். மாடிப்படி ஏறப் பயந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போலீஸ்காரருக்குப் பின்னால் புழுதியில் ஓடுவதைக் கலைச்செல்வி பார்த்தாள். அவளுக்குத்தான் நெஞ்சு அடித்தது. எழுந்து ஓடிப்போய் நிறுத்திவிடலாமா என்று பார்த்தாள். பிரிஸில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தப்பு நின்றது. "இப்ப கழுத்துல கை வச்சுப் பாருங்க," என்றார் டாக்டரம்மா. "அடிக்குதா? படபடன்னு அடிச்ச அதே நெஞ்சுதான், அதே அடிதான். அன்னைக்கு அது தானா வேகம் எடுத்துச்சு, நீங்க சாவுன்னு நெனச்சீங்க. இன்னைக்கு நீங்களே எடுக்க வச்சீங்க. கொஞ்ச நேரத்துல அதுவா இறங்கும். இறங்குறதைக் கவனிங்க."

தேவேந்திரன் இரைக்க இரைக்க வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தனை பேர் நடுவில் அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"அடிக்கி, பாத்தியா? நல்லா அடிக்கி. ஒண்ணும் ஆகல." சிறிது நேரம் கழித்து, "இறங்குது," என்றார். அவர் முகத்தில் புழுதியும் வேர்வையும் கலந்து கோடு கோடாக இருந்தது.

அவர் போலீஸ்காரரோடு பேசப் போனார். பிரிஸில்லா இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்தாள். கலைச்செல்வியின் எதிரில் உட்கார்ந்து, "அண்ணாச்சி இருக்கட்டும். நீங்க நல்லாத் தூங்குதீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன," என்றாள் கலைச்செல்வி.

அப்படித்தான் ஆரம்பித்தாள். பிறகு தான் பேசிக்கொண்டே போவதை அவளே உணர்ந்தாள். ராத்திரி அவர் மூச்சு விடுகிறாரா என்று கை வைத்துப் பார்த்துப் பார்த்துப் படுப்பது, யாரிடம் எந்தப் பொய்யைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது, வீட்டில் தான் கூலிக்குத் தைக்கும் ஜாக்கெட்டுகளில் இரண்டைத் தப்பாக வெட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். மோர் வெயிலில் சூடாகிவிட்டது.

"எம்புட்டு நேரமாத் தேடுதது," என்று தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. இசக்கித்தாய், காலி தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். "திருவிழான்னு சொன்னா, ஆட்டோக்காரன் கொண்டுபோய்க் கோயில் வாசல்ல இறக்கி விடுதான்."

கலைச்செல்வி பதறி எழுந்தாள். இசக்கித்தாய் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். தேவேந்திரனைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அண்ணே, எப்பவெல்லாம் வருது? வேலைக்குப் போறீயல்லா? இது வம்சத்துல வருமா? நான் கேக்கது தப்புன்னா சொல்லிருங்க. ஒத்தப் பிள்ள வச்சிருக்கேன், கேக்காம இருக்க முடியாது."

"கேக்கணும்ல," என்றார் தேவேந்திரன். தெரிந்ததையெல்லாம் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும் பிரிஸில்லாவைப் பார்த்தார்.

"சில குடும்பத்துல கொஞ்சம் கூடுதலா இருக்கலாம்மா," என்றாள் அவள். "அதுக்காகப் பிள்ளைக்கு வரும்னு இல்ல. வந்தாலும் மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. குணமாகிரும்."

"சர்க்கரை மாதிரின்னு சொல்லுதியளா?"

"அதைவிட லேசுதான்."

"சர்க்கரை எங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கு," என்றாள் இசக்கித்தாய். பிறகு கலைச்செல்வி பக்கம் திரும்பினாள். "அண்ணன் சீக்குல எனக்கு வருத்தம் இல்ல மதினி. ஆனா நீங்க சேலைன்னு சொன்னியளே. நான் என் மருமகளுக்குன்னு ஆசையா ஒவ்வொரு கலரா நெனச்சிட்டு வந்தேன். நீங்க கேட்டுட்டு உம் உம்முன்னு இருந்திய. அதுதான் மனசுல நிக்கி."

கலைச்செல்வி மோர் தம்ளரைக் கீழே வைத்தாள். "பயந்துட்டேன் மதினி. வரன் நின்னு போயிருமோன்னு பயம்."

"அப்ப வீட்டுல ரெண்டு பேருக்கும் பயந்தான்," என்றாள் இசக்கித்தாய். குரலில் கோபம் பாதி இறங்கியிருந்தது. "பொறுங்க. முடிவு நான் சொல்ல முடியாது. கட்டப்போறவன் அவன். அவங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருதேன்."

போனை எடுத்து மகனை அழைத்தாள். கும்மிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே, பெருமாளு. பொண்ணோட அப்பாவுக்கு ஒரு விஷயம்லே. அவியளுக்கு நெஞ்சுப் படபடப்பு..."

"தெரியும்மா."

"என்னது?"

"பொன்செல்வி சொல்லிட்டா. பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்கு நான் போன் பேசுனேன்லா, அப்பவே முதல்ல அதைத்தான் சொன்னா. கேட்டுட்டுத்தான் நான் சரின்னே சொன்னேன்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

கொஞ்சம் தயங்கினான். "நீங்க நடராஜ் மாமாகிட்ட சொல்லுவிய. மாமா ஊருக்கே சொல்லுவாவ."

இசக்கித்தாய் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் சிரித்தது தேவேந்திரன்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். கலைச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கித்தாய் சிரிக்கவில்லை. "எல்லாப் பயலும் சேந்து என்னைத்தான் முட்டாளாக்கியிருக்கிய," என்று சொல்லிவிட்டு, கலைச்செல்வி குடிக்காமல் வைத்திருந்த மோரை எடுத்துக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தார்கள். இசக்கித்தாயின் அண்ணன் நடராஜும் வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக அவர், "என்ன மச்சான், இளைச்சிருக்கிய. உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். தேவேந்திரன் வாயைத் திறக்குமுன், காபித் தட்டோடு நின்ற கலைச்செல்வி பதில் சொன்னாள்.

"அவியளுக்கு மனசுல பயம் வருது அண்ணாச்சி. அப்ப நெஞ்சு படபடக்கும். திங்கக்கிழமை அம்பாசமுத்திரத்துல மனநல டாக்டரைப் பாத்து மருந்து வாங்கியிருக்கோம்."

சொல்லிவிட்டுக் காபித் தட்டை அவர் முன் நீட்டினாள். நடராஜின் முகம் மாறியது. காபியைத் தொடாமல், தங்கையைக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போனார். வெகுநேரம் அவர் குரல் மட்டுமே கேட்டது. பிறகு இசக்கித்தாயின் குரல் மட்டுமே கேட்டது. அவள்தான் முதலில் உள்ளே வந்தாள். பையிலிருந்து பூவை எடுத்து, "பொன்செல்வி, இங்கன கிழக்கப் பாத்து உக்காரும்மா," என்றாள்.

கல்யாணம் வைகாசியில், கல்லிடைக்குறிச்சி மண்டபத்தில் நடந்தது. அதற்குள் தேவேந்திரன் மருந்து எடுத்து, டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்து, தனியாகவே பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய்வரத் தொடங்கியிருந்தார். முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. எப்போதாவது வரும். கல்யாணத்தன்று காலையிலும் வந்தது. மேளமும் கூட்டமும் புகையுமாக இருந்த மேடையிலிருந்து அவர் பைய இறங்கிப் பின்பக்கம் போனார்.

தாரைவார்க்கப் பெண்ணின் தகப்பனைக் கூப்பிட்டபோது ஆளைக் காணோம். "எங்க போயிட்டாவ?" என்று நடராஜ் மாமா பரபரத்தார்.

"படபடப்பு வந்துச்சு. சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னால உக்காந்திருக்காவ. இறங்குனதும் வாராவ," என்றாள் கலைச்செல்வி.

நடராஜ் தங்கையைப் பார்த்தார். இசக்கித்தாய் ஐயரிடம் திரும்பி, "முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்குல்லா சாமி? சம்பந்தி வரட்டும்," என்றாள். மேளக்காரர்கள் வாசித்ததையே இன்னொரு தடவை வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தேவேந்திரன் முகம் கழுவி, சட்டை முன்பக்கம் நனைந்திருக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேடை ஏறினார். கலைச்செல்வி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள்.